முழுக் கட்டணம், அரைப் பயணி

தென்காசியைச் சேர்ந்த இரண்டரை வயதுக் குழந்தை ஒன்று மூன்று வாகனங்களில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். அரசுப் பேருந்தில் அக்குழந்தைக்குக் கட்டணம் இல்லை. ஐந்து வயது வரை இலவசப் பயணம் என்று தமிழக அரசு 2022-ஆம் ஆண்டில் அறிவித்தது. சென்னை செல்லும் பொதிகை விரைவு ரயிலிலும், தனிப் படுக்கை கேட்காத வரை, ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கட்டணம் இல்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்கு உள்பட்டோர் தனிப் படுக்கை இன்றிப் பயணித்தால் பாதிக் கட்டணம். அதே குழந்தை திருவனந்தபுரத்தில் வளைகுடா நாட்டுக்கு விமானம் ஏறினால், பெரும்பாலான மலிவுக் கட்டண நிறுவனங்களில் பெரியவருக்கு உரிய கட்டணத்தையே செலுத்த வேண்டும். சில பன்னாட்டு நிறுவனங்கள் சிறிதளவு குறைக்கக்கூடும், அவ்வளவே.

விமானத்துறையின் கணக்கில் குழந்தைப் பருவம் இரண்டாவது பிறந்த நாளோடு முடிந்துவிடுகிறது. அதுவரை பெற்றோரின் மடியில் அமர்ந்து சிறு கட்டணத்தில் பறக்கலாம். அதற்குப் பிறகு இருக்கை கட்டாயம். ஓர் இருக்கையைப் பிடித்துக்கொள்பவர் பத்துக் கிலோ எடை உள்ளவரா, எழுபது கிலோ எடை உள்ளவரா என்பதைப் பொருத்து அந்த இருக்கையின் விலை மாறுவதில்லை என்பது நிறுவனங்களின் வாதம். வணிகக் கண்ணோட்டத்தில் அதை முற்றாகப் புறந்தள்ளிவிட முடியாது. ஆனால், அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டால் அதன் மறுபக்கத்தையும் ஏற்றாக வேண்டும். முழுக் கட்டணம் செலுத்தும் குழந்தை ஒரு முழுப் பயணி. பெற்றோருக்கு அருகில் இருக்கை, பயணப் புள்ளிகள், தாமதத்தின்போது உணவு, ரத்தானால் பணம் என்று பெரியவருக்குள்ள உரிமைகள் அனைத்தும் அக்குழந்தைக்கும் உண்டு. நடைமுறையில் நாம் காண்பது, கட்டணம் பெறும்போது முழுப் பயணி, உரிமை வழங்கும்போது அரைப் பயணி என்னும் நிலைதான்.

தென்காசி மாவட்டத்துக்கு இது தொலைதூரப் பிரச்னை அன்று. 2019 நவம்பர் 22-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து உருவான இந்த மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. ஆனால், கடையநல்லூர் தொடங்கிப் பல ஊர்களில் ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, கத்தார், குவைத் ஆகிய நாடுகளில் ஒருவரேனும் பணிபுரியாத தெருவைக் காண்பது அரிது. அவர்களில் ஒரு பகுதியினர் குடும்பத்துடன் அங்கு வசிப்பவர்கள். அங்குள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் நீண்ட விடுமுறை. குற்றாலத்தில் பேரருவியும் ஐந்தருவியும் ஆர்ப்பரித்துக் கொட்டும் சாரல் காலமும் அதுதான். பாலையின் வெயிலில் வளரும் பிள்ளைகள் சாரலில் நனையவும், தாத்தா பாட்டியுடன் இருக்கவும் கிடைக்கும் ஒரே காலம் அந்த எட்டு வாரங்கள். விமானக் கட்டணம் உச்சத்தைத் தொடுவதும் அதே எட்டு வாரங்களில்தான்.

தனியாகப் பணிபுரியும் ஒருவர் கட்டணம் குறைந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்து ஊர் வந்து திரும்பலாம். பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. விடுமுறை நாள்களைப் பள்ளி முடிவு செய்கிறது. அந்த நாள்களின் விலையை நிறுவனம் முடிவு செய்கிறது. ஒருவருக்குப் போகவர 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பெற்றோரும் இரண்டு வயதைக் கடந்த இரு குழந்தைகளும் கொண்ட குடும்பத்துக்கு 1,20,000 ரூபாய் ஆகிறது. நடுத்தர ஊதியம் பெறும் ஒரு தொழில்நுட்பப் பணியாளருக்கு இது ஒரு மாத ஊதியத்தையே விழுங்கும் தொகை. 'இந்த ஆண்டு வேண்டாம், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்' என்று குடும்பங்கள் முடிவெடுப்பது இந்த இடத்தில்தான். பெரியவர்களுக்கு ஓராண்டு என்பது ஓராண்டுதான். மூன்று வயதுக் குழந்தைக்கு அது வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு.

எந்த விமான நிலையம் என்பதே முதல் முடிவு. தென்காசியிலிருந்து சுமார் 90 கி.மீ. தொலைவில் உள்ள தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையம் அண்மையில் பெரிதும் விரிவாக்கப்பட்டது. ஏறத்தாழ 450 கோடி ரூபாயில் அமைந்த புதிய முனையத்தை 2025 ஜூலை 26-இல் பிரதமர் திறந்துவைத்தார். 1,350 மீட்டராக இருந்த ஓடுதளம் 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. ஆண்டுக்கு 20 லட்சம் பயணிகளைக் கையாளும் திறன் அந்த முனையத்துக்கு உண்டு. ஆயினும், அங்கிருந்து இயங்கிவருபவை சென்னை, பெங்களூரு போன்ற உள்நாட்டுச் சேவைகளே. சுமார் 160 கி.மீ. தொலைவில் உள்ள மதுரையிலிருந்து பன்னாட்டுச் சேவைகள் சில உண்டு. ஆனால், நாடுகளுக்கு இடையிலான இருதரப்பு விமானப் போக்குவரத்து ஒப்பந்தங்களில் அமீரக நிறுவனங்கள் வந்திறங்கும் ஊராக மதுரை சேர்க்கப்படவில்லை. அதனால், இந்திய நிறுவனங்கள் இயக்கினால்தான் அங்கிருந்து துபைக்கோ, அபுதாபிக்கோ விமானம் உண்டு. போட்டி குறைந்த இடத்தில் கட்டணம் எப்படி இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எனவேதான், மாநில எல்லையைக் கடந்து திருவனந்தபுரம் செல்வதைப் பல குடும்பங்கள் தேர்ந்தெடுக்கின்றன. செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, குளத்தூப்புழை, நெடுமங்காடு வழியாகச் சுமார் 100 கி.மீ. தொலைவு என்றாலும், மலைப்பாதை என்பதால் குறைந்தது மூன்று மணி நேரம் ஆகும். ஜூலை மாதத்தில் மலையில் மழை வலுத்தால் மரம் விழுவதும் மண் சரிவதும் போக்குவரத்து நிற்பதும் புதிதல்ல. வளைவுகளில் குழந்தைகள் வாந்தி எடுப்பதும் புதிதல்ல. விமானக் கட்டணத்தில் 2,000 ரூபாய் மிச்சம் என்று நள்ளிரவு விமானத்தைத் தேர்ந்தெடுத்து, வாடகைக் காருக்கு அதைவிட அதிகம் கொடுத்து, உறக்கம் கெட்ட குழந்தையுடன் அதிகாலையில் மலை ஏறுவது சிக்கனம் ஆகாது. வீட்டு வாசல் முதல் வீட்டு வாசல் வரையிலான மொத்தச் செலவையும் மொத்த நேரத்தையும் கணக்கிட்டே பயணத்தை முடிவு செய்ய வேண்டும். கைக்குழந்தை உள்ளவர்கள் பகலில் மலையைக் கடக்கும் வகையில் விமான நேரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இனி உரிமைகளைப் பார்ப்போம். முதலாவது, அருகில் அமரும் உரிமை. இருக்கையைத் தேர்ந்தெடுப்பதற்குத் தனிக் கட்டணம் பெறும் வழக்கம் வந்த பிறகு, கட்டணம் செலுத்தாத குடும்பங்கள் விமானத்தில் சிதறி அமர நேர்ந்தது. தாய் ஐந்தாவது வரிசையிலும் நான்கு வயதுக் குழந்தை இருபதாவது வரிசையிலும் அமர்த்தப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. இதையடுத்து, டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2024 ஏப்ரலில் ஓர் உத்தரவு பிறப்பித்தது. பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு, அதே பிஎன்ஆர் எண்ணில் பயணிக்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலரில் ஒருவருடனாவது இருக்கை ஒதுக்க வேண்டும். அதற்கான பதிவையும் பராமரிக்க வேண்டும் என்பது அந்த உத்தரவு.

'அதே பிஎன்ஆர் எண்' என்ற சொற்களைப் பெற்றோர் அழுத்தமாக மனதில் கொள்ள வேண்டும். விமான நிறுவனங்கள் இருக்கைகளைப் பல விலை அடுக்குகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. மலிவான அடுக்கில் மூன்று இருக்கைகளே மீதமிருக்கும்போது நால்வருக்குச் சேர்த்துக் கேட்டால், நால்வருக்கும் அடுத்த அடுக்கின் விலையைக் கணினி காட்டும். அதனால், முகவர்கள் சிலர் பயணச்சீட்டை இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்துப் பதிவு செய்வதுண்டு. பணம் மிச்சமாகலாம். ஆனால், பெற்றோரில் எவருமில்லாத பிஎன்ஆரில் குழந்தையின் பெயர் தனியே சென்றுவிட்டால், மேற்சொன்ன பாதுகாப்பு அக்குழந்தைக்குக் கிடைக்காமல் போகும். பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு குழந்தையும் ஒரு பெற்றோரின் பிஎன்ஆரில் இருக்கும்படி பிரிக்க வேண்டும். முகவரின் கைப்பேசி எண்ணுக்குப் பதிலாகப் பயணியின் எண்ணையே பதிவு செய்யச் சொல்வதும் இன்றியமையாதது. விமான நேர மாற்றம் பற்றிய குறுஞ்செய்தி முகவருக்குச் சென்று, அவர் கவனிக்காமல் விட்டால், அலைக்கழிவது குடும்பம்தான்.

இந்த விதியைக் கனடா மேலும் துல்லியமாக வகுத்திருக்கிறது. அங்கு ஐந்து வயதுக்கு உள்பட்ட குழந்தைக்குப் பெற்றோரின் அடுத்த இருக்கையே தர வேண்டும். ஐந்து முதல் பதினொரு வயது வரை அதே வரிசையில், இடையில் ஓர் இருக்கைக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதினருக்கு ஒரு வரிசைக்கு மேல் இடைவெளி கூடாது. வயதுக்கு ஏற்ற நெருக்கத்தை வரையறுத்ததால், விமான நிலைய முகப்பில் வாக்குவாதத்துக்கு அங்கு இடமில்லை. நமது விதியும் அந்தத் தெளிவைப் பெற வேண்டும்.

இரண்டாவது, மடிக்குழந்தையின் பாதுகாப்பு. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை மடியில் பயணிப்பது உலகெங்கும் அனுமதிக்கப்பட்ட வழக்கம். அது பாதுகாப்பானது என்பதால் வந்த வழக்கமன்று. செலவைக் குறைக்க வந்த வழக்கம். 1989 ஜூலையில் அமெரிக்காவின் சூ சிட்டியில் யுனைடெட் நிறுவனத்தின் 232-ஆம் எண் விமானம் விபத்துக்குள்ளானபோது, அதில் மடிக்குழந்தைகள் நால்வர் இருந்தனர். இருக்கை வார் இல்லாத அவர்களில் ஒரு குழந்தை உயிரிழந்தது. அந்த விமானத்தின் தலைமைப் பணிப்பெண் ஜான் பிரௌன், குழந்தைகளுக்குத் தனி இருக்கை வேண்டும் என்று அதன் பிறகு பல ஆண்டுகள் குரல் கொடுத்தார். மடியில் குழந்தை பயணிக்கத் தடை விதிக்காத அமெரிக்க விமானத் துறைகூட, உரிய பாதுகாப்பு இருக்கையில் வைத்துக் குழந்தையை அழைத்துச் செல்லுமாறே பெற்றோருக்குப் பரிந்துரைக்கிறது. காற்றுக் கொந்தளிப்பின்போது பெற்றோரின் கைப்பிடி போதுமானதல்ல என்பதே காரணம். வசதியுள்ளவர்கள் தனி இருக்கை வாங்கலாம். இயலாதவர்கள், விமானப் பணியாளர் தரும் குழந்தைக்கான கூடுதல் வாரைக் கேட்டுப் பெற்று, இருக்கை வார் விளக்கு எரியும்போதெல்லாம் அணிவிப்பதையேனும் தவறாமல் செய்ய வேண்டும்.

பலரும் அறியாத ஒரு விவரமும் உண்டு. அவசரத்தின்போது மேலிருந்து இறங்கும் பிராணவாயு முகமூடிகள் பொதுவாக ஒரு பக்க இருக்கைகளின் எண்ணிக்கையைவிட ஒன்றே ஒன்று கூடுதலாக இருக்கும். எனவே, ஒரே பக்கத்தில் ஒரே வரிசையில் இரண்டு மடிக்குழந்தைகளுக்கு இடமில்லை. கைக்குழந்தைகளுடன் சகோதரிகள் இருவர் சேர்ந்து பயணிக்கும்போது, பணியாளர்கள் ஒருவரை வேறு வரிசைக்கு மாற்றினால், அதன் காரணம் இதுதான்.

இன்னொன்று, பிறந்த நாள் கணக்கு. போகும்போது இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு, ஊரில் தங்கியிருக்கும் நாள்களில் இரண்டு வயது நிறைந்துவிட்டால், திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை வாங்கியாக வேண்டும். இதைப் பதிவின்போதே செய்யாமல் விட்டு, கடைசி நாளில் உச்ச விலையில் வாங்குவதால் ஏற்படும் இழப்பு பெரிது. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு நமது விமான நிலையங்களில் பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம் கிடையாது என்பதையும் சீட்டின் கட்டண விவரத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பயணத்தின்போது குழந்தை அழுவதற்குப் பெரும்பாலும் காதுவலியே காரணம். தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குறுகலானது. விமானம் இறங்கும்போது காற்றழுத்தம் உயர, அந்த மாற்றத்துக்கு அவர்களின் செவி எளிதில் ஈடுகொடுப்பதில்லை. விழுங்கும் செயல் அந்தக் குழாயைத் திறக்கிறது. தரை தொடும்போது அன்று, அதற்கு ஏறக்குறைய அரை மணி நேரத்துக்கு முன்பு விமானம் இறங்கத் தொடங்கும்போதே தாய்ப்பாலோ, புட்டிப்பாலோ, தண்ணீரோ கொடுக்கத் தொடங்க வேண்டும். கடும் சளியோ, காதில் சீழோ இருந்தால் பயணத்துக்கு முன் மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம். தூங்க வைப்பதற்காக இருமல் மருந்தையோ, ஒவ்வாமை மருந்தையோ கொடுக்கும் பழக்கம் ஆபத்தானது. சில குழந்தைகளுக்கு அது தூக்கத்துக்கு மாறாகப் பரபரப்பையே தரும். பன்னாட்டுப் பயணத்தில் கைப்பையில் திரவம் 100 மில்லி லிட்டருக்கு மிகக் கூடாது என்ற விதி, பயண நேரத்துக்குத் தேவையான குழந்தைப் பாலுக்கும் உணவுக்கும் பொருந்தாது. சோதனைக்கு முன்பே அவற்றைத் தனியே எடுத்துக் காட்டினால் தடை இருக்காது. குழந்தைகளுக்கான தள்ளுவண்டியைப் பெரும்பாலான நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் இன்றி ஏற்கின்றன. விமான வாயில் வரை அதைப் பயன்படுத்தவும் பல இடங்களில் அனுமதி உண்டு.

மூன்றாவது, பயணப் புள்ளிகள். இங்குதான் நம் குடும்பங்கள் ஓசையின்றி இழந்துகொண்டிருக்கின்றன. ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப், இண்டிகோவின் புளூசிப், எமிரேட்ஸின் ஸ்கைவார்ட்ஸ் எனப் பெரிய நிறுவனங்கள் பலவும் அடிக்கடி பயணிப்போருக்கான வெகுமதித் திட்டங்களை நடத்துகின்றன. பறந்த தொலைவுக்கோ, செலவிட்ட தொகைக்கோ ஏற்பப் புள்ளிகள் சேரும். அவற்றைக் கொண்டு பின்னர் பயணச்சீட்டு பெறலாம். மடிக்குழந்தைக்குப் பொதுவாகப் புள்ளிகள் கிடையாது. ஆனால், தனி இருக்கையில் பயணிக்கும் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பல திட்டங்களில் தனிக் கணக்கு தொடங்கலாம். ஏர் இந்தியா, எமிரேட்ஸ் போன்றவற்றில் குடும்பத்தினரின் புள்ளிகளை ஒரே கணக்கில் சேர்க்கும் வசதியும் உண்டு.

நம் ஊர்களில் தந்தைக்கு மட்டும் உறுப்பினர் எண் இருக்கும். தாய்க்கு இராது, பிள்ளைகளுக்கு அறவே இராது. நால்வர் கட்டணம் செலுத்தி, ஒருவர் புள்ளி பெறுகிறார். நான்கு ஆண்டுகள் இப்படிப் பறந்த குடும்பம் பன்னிரண்டு பயணங்களின் புள்ளிகளைக் காற்றில் விட்டிருக்கும். தனித்தனியே பார்த்தால் சிறு தொகை. சேர்த்து வைத்தால் ஒரு வழிச் சீட்டுக்கேனும் ஆகலாம். பயணச்சீட்டை யார் பதிவு செய்தாலும், நால்வரின் உறுப்பினர் எண்களும் அதில் இடம்பெற்றுள்ளனவா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். எண்ணைச் சேர்க்க மறந்துவிட்டால், பயணம் முடிந்த பிறகும் குறிப்பிட்ட காலத்துக்குள் விண்ணப்பித்துப் பெறும் வழி பெரும்பாலான திட்டங்களில் உண்டு. அதற்கு ஏற்றுச் சீட்டைப் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும்.

இருப்பினும், புள்ளிகளைப் புதையலாகக் கருதக் கூடாது. அவற்றுக்குக் காலாவதி உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பறக்கும் குடும்பம், போதிய அளவு சேர்வதற்குள் பாதியை இழந்துவிடலாம். புள்ளிகளின் மதிப்பை நிறுவனங்கள் தம் விருப்பப்படி குறைக்கவும் முடியும். வெகுமதிச் சீட்டிலும் வரிகளைப் பணமாகவே செலுத்த வேண்டும். எல்லோரும் பறக்க விரும்பும் ஜூலை மாதத்தில் வெகுமதி இருக்கைகள் கிடைப்பது மிக அரிது. எனவே, புள்ளிகள் பெறுவதற்காக ஒரு நிறுவனத்தையே பிடித்துக்கொண்டு, மற்றொன்றில் மலிவாகக் கிடைக்கும் சீட்டைத் தவறவிடுவது அறிவுடைமை ஆகாது. முதலில் கட்டணம், அடுத்து நேரம், அதன் பிறகே புள்ளி என்ற வரிசை மாறக் கூடாது.

விமானப் புள்ளிகளைக் காட்டி விற்கப்படும் கடன் அட்டைகளில் இந்த எச்சரிக்கை இன்னும் தேவை. முழு நிலுவையையும் உரிய நாளில் செலுத்துபவருக்கு மட்டுமே அவை ஆதாயம். நிலுவை வைப்பவரிடம் பல அட்டைகள் மாதம் 3 விழுக்காடோ, அதற்கு மேலோ வட்டி பெறுகின்றன. ஒன்றிரண்டு விழுக்காடு மதிப்புள்ள புள்ளிக்காக அந்த வட்டியைச் சுமப்பது, அருவியில் குளிக்கப் போய்ப் பணப்பையை ஆற்றோடு விடுவதற்கு ஒப்பாகும்.

நான்காவது, பயணம் குலையும்போது கிடைக்க வேண்டியவை. டிஜிசிஏ விதிகளின்படி, இரண்டரை மணி நேரம் வரையிலான பயணம் இரண்டு மணி நேரமோ, அதற்கு மேலோ தாமதமானால் பயணிகளுக்கு உணவும் சிற்றுண்டியும் வழங்க வேண்டும். இரண்டரை முதல் ஐந்து மணி நேரம் வரையிலான பயணத்துக்கு அந்த வரம்பு மூன்று மணி நேரம். 24 மணி நேரத்துக்கு மேலான தாமதத்துக்குத் தங்குமிடமும் தர வேண்டும். இந்த ஏற்பாடுகளில் குழந்தைக்குப் பாதி, பெரியவருக்கு முழுமை என்ற பாகுபாடு இல்லை. உணவுச் சீட்டு வழங்கும்போது குழந்தைகளின் ஏற்றுச் சீட்டையும் சேர்த்துக் காட்டிப் பெற வேண்டும்.

பயணத்தை நாமே ரத்து செய்தாலும் ஓர் உரிமை எஞ்சியிருக்கிறது. 'பணம் திரும்பக் கிடைக்காது' என்று விற்கப்பட்ட சீட்டாக இருந்தாலும், அதில் அடங்கிய அரசு வரிகளையும், விமான நிலையப் பயனாளர் கட்டணங்களையும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும். குழந்தைக்குத் திடீரெனக் காய்ச்சல் வந்து பயணத்தைக் கைவிடும் குடும்பங்கள், மொத்தமும் போய்விட்டது என்று எண்ணி இதைக் கேட்பதே இல்லை. நால்வருக்குச் சேர்த்துப் பார்த்தால் அது கணிசமான தொகை. நிறுவனம் மறுத்தால், மத்திய அரசின் ஏர்சேவா இணையதளத்தில் புகார் பதிவு செய்யலாம்.

ஆவணங்களிலும் கவனம் தேவை. பிறந்த குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். சிறார்களின் கடவுச்சீட்டு ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும். பல நாடுகள் பயண நாளிலிருந்து ஆறு மாத காலச் செல்லுபடியை எதிர்பார்க்கின்றன. எட்டு வயது வரையிலான குழந்தைகளுக்குக் கட்டணத்தில் 10 விழுக்காடு தள்ளுபடி உண்டு. தென்காசி மாவட்டத்தினர் மதுரை மண்டல அலுவலகத்தின் எல்லைக்குள் வருவதால், திருநெல்வேலியில் உள்ள சேவை மையத்தை அணுகலாம். கோடை விடுமுறையில் அங்கு கூட்டம் மிகும் என்பதால், பயணத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பே புதுப்பித்துக்கொள்வது நல்லது.

பெற்றோர் விழிப்போடு இருப்பதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. கொள்கை அளவில் அரசு செய்ய வேண்டியவையும் உள்ளன. 2025 டிசம்பரில் இண்டிகோ நிறுவனத்தின் விமானங்கள் பெருமளவில் ரத்தாகி, நாடெங்கும் பயணிகள் தவித்தபோது, தொலைவின் அடிப்படையில் உள்நாட்டுக் கட்டணத்துக்கு மத்திய அரசு தாற்காலிக உச்சவரம்பு விதித்தது. தேவை என்று அரசு கருதினால் கட்டணத்தில் தலையிட முடியும் என்பதை அந்த நடவடிக்கை உணர்த்தியது. பெரியவர் கட்டணத்துக்கு ஆண்டு முழுவதும் உச்சவரம்பு வேண்டும் என்பது நமது வாதமன்று. இரண்டு முதல் ஐந்து வயதுக்கு உள்பட்ட குழந்தைகளுக்காவது, பள்ளி விடுமுறைக் காலத்தில், அடிப்படைக் கட்டணத்தில் குறிப்பிட்ட விழுக்காடு சலுகை என்பதைப் பரிசீலிக்கலாம்.

அந்தச் சலுகையின் சுமை மற்ற பயணிகளின் தலையில் விழாதா என்று கேட்கலாம். ஓரளவு விழக்கூடும். ஆனால், ரயிலிலும் பேருந்திலும் நாம் அதைக் காலங்காலமாக ஏற்றுக்கொண்டிருக்கிறோம். குழந்தைகளை வளர்ப்பது பெற்றோரின் பொறுப்பு மட்டுமன்று, சமூகத்தின் பொறுப்பும்கூட என்ற எண்ணமே அதற்கு அடிப்படை. விமானப் பயணம் செல்வந்தருக்கு மட்டும் உரியதாக இருந்த காலத்தில் இந்தக் கேள்விக்கு அவசியம் எழவில்லை. கட்டுமானத் தொழிலாளரும் கடை ஊழியரும் வாகன ஓட்டுநரும் விமானத்தைப் பேருந்தைப் போலப் பயன்படுத்தும் இன்றைய நிலையில் அவசியம் எழுந்திருக்கிறது.

சலுகைக்குச் செலவாகும் என்று தயங்கினால், செலவில்லாத சீர்திருத்தங்கள் இருக்கின்றன. அருகில் அமரும் விதியைக் கனடாவைப் போல வயதுவாரியாகத் தெளிவாக்கலாம். ஒரே குடும்பத்தினர் வெவ்வேறு பிஎன்ஆர்களில் இருந்தாலும் அவற்றை இணைத்து, விதியின் பயனைத் தருமாறு நிறுவனங்களுக்கு அறிவுறுத்தலாம். குழந்தைகளின் பெயரில் சேரும் புள்ளிகளுக்குக் காலாவதியைத் தளர்த்துவதை நிறுவனங்கள் தாமாகவே செய்யலாம். இன்று புள்ளி சேர்க்கும் சிறுவன் நாளை அவர்களின் வாடிக்கையாளர். மதுரையை இருதரப்பு ஒப்பந்தங்களில் சேர்ப்பதும், தூத்துக்குடியின் நீண்ட ஓடுதளத்துக்கு ஏற்ற சேவைகளைக் கொண்டுவருவதும் தென்மாவட்ட மக்கள் பிரதிநிதிகள் கட்சி வேறுபாடின்றி வலியுறுத்த வேண்டியவை.

மாநில அரசும் தன் பங்குக்கு ஒன்று செய்யலாம். குற்றாலத்தில் சாரல் காலம் நிலவும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, தென்காசி-திருவனந்தபுரம் தடத்தில் செல்லும் அரசுப் பேருந்துகளில் சிலவற்றையேனும், கேரள அரசின் ஒத்துழைப்புடன், விமான நிலைய முனையம் வரை நீட்டிக்கலாம். பெட்டிகள் வைக்க இடமும், விமான நேரத்தை ஒட்டிய கால அட்டவணையும் இருந்தால் போதும். வாடகைக் காருக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுக்கும் குடும்பங்களுக்கு அது பெரும் உதவியாக அமையும். குற்றாலத்துக்கு வரும் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கும் பயன்படும்.

வளைகுடாவில் வளரும் பிள்ளைகள் ஊர் வரும் காலத்தில், இங்குள்ள அவர்களின் வயதொத்த உறவுப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே சேர்ந்து ஐந்தருவிக்குப் போக முடியும். ஆண்டுக்கு ஏழெட்டு ஞாயிறுகள். தாய்மொழியில் வாய் நிறையப் பேசவும், உறவுமுறை சொல்லி அழைக்கவும் அவர்கள் பழகுவது அந்த நாள்களில்தான். கட்டணத்துக்கு அஞ்சி ஓராண்டு தவறினால், அந்த ஏழெட்டு ஞாயிறுகளும் போய்விடும். பெரியவரின் கட்டணத்தைக் குழந்தையிடம் பெறும் நிறுவனங்கள் பெரியவரின் உரிமையையும் குழந்தைக்குத் தரட்டும். அதைக் கேட்டுப் பெறுவதில் பெற்றோரும், உறுதி செய்வதில் அரசும் தயக்கம் காட்ட வேண்டியதில்லை.